சுற்றுலாச் சாலையின் கணக்கில் சேரி எங்கே?

சாலை வந்தால் சுற்றுலா வளரும். சுற்றுலா வளர்ந்தால் ஊர் வளரும். தமிழ்நாட்டின் நிதிநிலை அறிக்கைகளிலும் துறைகளின் கொள்கைக் குறிப்புகளிலும் முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளிலும் வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து இது. 2023 செப்டம்பரில் வெளியான மாநிலச் சுற்றுலாக் கொள்கை, சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி அளித்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 2,100 கோடி ரூபாய் செலவில் உயர்மட்டச் சாலை அறிவிக்கப்பட்டது. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை நான்குவழிச் சாலை திட்டமிடப்பட்டுப் பணிகள் நடந்துவருகின்றன. மாமல்லபுரத்தில் பாரம்பரியப் பூங்கா ஒன்றை அமைக்க ஒன்றிய அரசு 2024இல் ஏறத்தாழ 100 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. சாலைத் துறையும் சுற்றுலாத் துறையும் ஒன்றையொன்று பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பது இப்போது எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொள்ளும் செய்தியாகிவிட்டது.

நமக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆனால் மேலே சொன்ன வாக்கியத்தில் கடைசியாக வரும் சொல்லை மட்டும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஊர் வளரும் என்கிறார்கள். தமிழ்ச் சமூகத்தில் ஊர் என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என்பது நமக்குத் தெரியும். ஊர் வேறு, சேரி வேறு. சாலையும் சுற்றுலாவும் சேர்ந்து கொண்டுவரும் பணம் அந்த எல்லையைத் தாண்டுகிறதா, தாண்டாமல் நிற்கிறதா, எங்கே நிற்கிறது என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். சாதி எதிர்ப்பு அரசியல் ஒருபோதும் சாலைக்கு எதிரானதாக இருந்ததில்லை. இந்த அரசியலின் பெரிய போராட்டங்களில் பலவும் சாலையில்தான் நடந்தன. 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனார். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்தது. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்பதை அரசின் வாயால் சொல்லவைத்தது. அவர் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். இன்று சுற்றுலாச் சாலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் அதே மாவட்டம்.

சாலை வந்ததால் பேருந்து வந்தது. பேருந்து வந்ததால் பண்ணையாரின் நிலத்தை விட்டு வேறு வேலைக்குப் போக வழி கிடைத்தது. பிள்ளைகள் தூரத்துப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார்கள். நம்மில் பலரும் அந்தப் பேருந்தில் ஏறி வந்தவர்கள்தான். எனவே சாலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் நாம் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் சாலையில் நடக்கும் உரிமையைக் கேட்டோம். இன்று அந்தச் சாலையால் உருவாகும் செல்வத்தில் பங்கைக் கேட்கிறோம்.

சாலை எப்படிப் பணம் ஆகிறது?

சுற்றுலாவை மனதில் வைத்துச் சாலை போடும்போது மூன்று வழிகளில் பணம் பிறக்கிறது. முதல் வழி நிலம். சாலை அறிவிப்பு வந்த உடனேயே, ஒரு பயணிகூட வந்து சேர்வதற்கு முன்பே, சாலையோர நிலத்தின் விலை ஏறுகிறது. இதற்கு உழைப்பு வேண்டியதில்லை; பட்டா இருந்தால் போதும். இரண்டாவது வழி வணிகம். விடுதி, உணவகம், கடை, வாகன வாடகை. இதற்கு முதலீடும் இடமும் வேண்டும். மூன்றாவது வழி கூலி. அறை சுத்தம் செய்வது, சமையலறையில் பாத்திரம் தேய்ப்பது, தோட்டம் பராமரிப்பது, காவல் நிற்பது. இதற்கு உடல் இருந்தால் போதும்.

மூன்றும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. நிலத்தின் விலை முதலில் ஏறுகிறது, அதிகமாகவும் ஏறுகிறது. கூலி கடைசியில் ஏறுகிறது, கொஞ்சமாக ஏறுகிறது. சாதிச் சமூகத்தில் நிலம் யாரிடம் இருக்கிறது, முதலீடு யாரிடம் இருக்கிறது, உடல் உழைப்பு யாருடையது என்ற கேள்விகளுக்குப் பதில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு பட்டியல் சாதியினர். நிலவுடைமையில் அவர்களுடைய பங்கு அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆகவே எந்தச் சாதி வெறியும் இல்லாத ஒரு பொறியாளர், மிக நேர்மையாகப் போடும் சாலைகூட, சாதியின் ஏற்றத்தாழ்வை அப்படியே பல மடங்காக்கிக் கொடுத்துவிடும். பாகுபாடு காட்டுவதற்கு அங்கே எவரும் தேவையில்லை. பத்திரப் பதிவு அலுவலகமே போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 1990களில் உருவானது அந்தச் சாலை. பிறகு 1998இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்து, 2002 முதல் சுங்கம் வசூலிக்கும் சாலையானது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியெங்கும் கேளிக்கைப் பூங்காக்கள், கடற்கரை விடுதிகள், பண்ணை வீடுகள், மனைப் பிரிவுகள். மாமல்லபுரம் 1984இலேயே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. ஒன்றிய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரங்களின்படி, பெருந்தொற்றுக் காலமான 2021-22இல் கட்டணம் செலுத்திப் பார்க்கும் தொல்லியல் சின்னங்களில் அதிக வெளிநாட்டவர் வந்த இடம் மாமல்லபுரம்தான்: சுமார் 1.44 லட்சம் பேர். தாஜ்மகாலுக்கு அந்த ஆண்டு வந்த வெளிநாட்டவர் 39 ஆயிரத்துக்கும் குறைவு. சாலையையும் சுற்றுலாவையும் இணைத்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு நம் கண் முன்னாலேயே கால் நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது.

ஆனால் அந்த நிலத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு.

செங்கல்பட்டும் பஞ்சமி நிலமும்

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். பறையர் மக்களின் வறுமைக்கும் அடிமை நிலைக்கும் நிலமின்மையே வேர் என்று அதில் காட்டினார். அதையொட்டி 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் அரசாணை பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டுகளுக்கு எவருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று தலித்துகள் கையில் இல்லை.

ஆக, பஞ்சமி நிலம் என்ற கருத்தே பிறந்த மாவட்டம் செங்கல்பட்டு. தமிழ்நாட்டில் சுற்றுலாவுக்காகவும் தகவல் தொழில்நுட்பத் துறைக்காகவும் சாலைகள் மிக வேகமாக அகலப்படுத்தப்பட்ட மாவட்டங்களில் ஒன்றும் அதுதான். 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். காரணை மாமல்லபுரத்திலிருந்து தூரத்தில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை உருவாகிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அதே வட்டாரத்தில், நிலம் கேட்டவர்கள் சுடப்பட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய சாலைத் திட்ட ஆவணம் எதுவும் என் வாசிப்பில் எதிர்ப்பட்டதில்லை.

சாலை வருவதற்கு முன் அந்த நிலங்களில் பல மானாவாரி நிலங்கள், மணல் மேடுகள், மதிப்பில்லாதவை என்று ஒதுக்கப்பட்டவை. அன்று ஒருவர் பஞ்சமி நிலத்தை இழந்தபோது பறிபோனது சில மூட்டை நெல் அல்லது வேர்க்கடலை. சாலை வந்த பிறகு அதே நிலத்தின் இழப்பு கோடிகளில் கணக்கிடப்பட வேண்டியது. அதாவது, பொதுப் பணத்தில் போடப்படும் ஒவ்வொரு புதிய சாலையும், மீட்கப்படாத பஞ்சமி நிலத்தைப் பிடித்துவைத்திருப்பவருக்கு அரசு தரும் பரிசாக மாறுகிறது. மீட்புக்காகப் போராடுபவருக்கு எதிரில் நிற்பவரின் பணபலமும் அதனாலேயே கூடுகிறது. பஞ்சமி நில மீட்பை வருவாய்த் துறையின் பழைய கோப்பு என்று ஒதுக்கிவிட்டுச் சாலைத் திட்டத்தைப் பற்றித் தனியாகப் பேச முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

கணக்கின் உள்ளே

ஒரு நெடுஞ்சாலையால் பொருளாதாரப் பயன் உண்டா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வழிமுறைகளின்படி, வாகனத்தை ஓட்டும் செலவு எவ்வளவு குறைகிறது, பயணிகளின் நேரம் எவ்வளவு மிச்சமாகிறது, விபத்து எவ்வளவு குறைகிறது என்று கூட்டிப் பார்க்கிறார்கள். கேட்பதற்கு நடுநிலையான கணக்கு. உள்ளே போய்ப் பார்த்தால், காரில் போகிறவரின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை. பேருந்தில் போகிறவரின் ஒரு மணி நேரத்துக்கு அதைவிடக் குறைந்த விலை. போக்குவரத்து அளவைக் கணக்கிடும்போது கார் ஓர் அலகு, மிதிவண்டி அரை அலகு. சாலையைக் கடந்து வேலைக்கு நடந்து போகும் பெண்ணுக்கு அந்த அலகில் எண்ணே கிடையாது.

அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் என்ற முரண்பாட்டோடு குடியரசுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அந்த முரண்பாட்டை இவ்வளவு துல்லியமாக எண்களில் எழுதிவைத்திருக்கும் இடங்கள் குறைவு. இங்கே மனிதரின் நேரத்துக்கே படிநிலை இருக்கிறது.

சுற்றுலாவை இந்தக் கணக்கோடு சேர்க்கும்போது நிலைமை இன்னும் கூர்மையாகிறது. சுற்றுலாச் சாலையில் முதன்மைப் பயணி வார இறுதியில் காரில் வருகிறவர். அவருடைய இருபது நிமிடம் மிச்சமாவதுதான் திட்டத்தின் பெரிய வரவாகக் காட்டப்படுகிறது. அவருக்காக நடுவே தடுப்புச் சுவர் எழும்பி, சாலை அகலமாகும்போது, எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருக்கும் பெண்ணின் இருபது நிமிடம் செலவுப் பக்கத்தில் ஏறுவதில்லை.

கிராமச் சாலைகளின் கணக்கிலும் இதே சிக்கல். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் விதிப்படி, ஒரு குடியிருப்பு ஏற்கனவே சாலை வசதி பெற்ற இடத்திலிருந்து குறைந்தது 500 மீட்டர் தள்ளி இருந்தால்தான் அது இணைக்கப்படாத குடியிருப்பு. நம் ஊர்களின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஊருக்குத் தார்ச்சாலை வந்துவிட்டால், அதிலிருந்து முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் சேரியும் இணைக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். சாதி எத்தனை மீட்டர் தூரம் வைத்திருக்கிறதோ, அந்தத் தூரத்தை அரசின் அளவுகோல் பார்க்க மறுக்கிறது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. பெயர்ப்பலகை மாறும்போது அந்தப் பலகை நிற்கும் சாலையும் மாற வேண்டும் என்பதே நம் எதிர்பார்ப்பு.

நிலம் எடுப்புச் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலத்தின் உரிமையாளரை மட்டும் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கவில்லை. அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர் குடும்பங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்றது. அவர்களை முன்கூட்டியே கண்டறியும் கருவியாகச் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. மாநில நெடுஞ்சாலைகளுக்கோ, தமிழ்நாடு அரசு தனியாக ஒரு திருத்தம் கொண்டுவந்து 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்துக்கு விலக்கு பெற்றது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. சில நாட்களிலேயே அரசு புதிய சட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அ.தி.மு.க. ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம்தான். ஆட்சி மாறிய பிறகும் அது அப்படியே இருக்கிறது.

இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் முறையில் இந்த விலக்கு கைவைக்கவில்லை, ஆகவே நில உரிமையாளருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. நிலமில்லாதவரை முன்கூட்டியே எண்ணிப் பட்டியலிடும் கட்டாயம்தான் காணாமல் போனது. யார் பெயர் பட்டியலில் இல்லையோ அவருக்கு மறுவாழ்வு எப்படி வரும்?

பூஞ்சேரி சொல்வது

மாமல்லபுரத்தை ஒட்டி, பழைய மாமல்லபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது பூஞ்சேரி. தமிழ்நாட்டின் மிக விலையுயர்ந்த இரண்டு சாலைகளின் முனை அது. நரிக்குறவர், இருளர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. 2021 அக்டோபரில் அங்கிருந்து மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானத்துக்குப் போன நரிக்குறவர் பெண் ஒருவர், பந்தியில் உட்காரவிடாமல் விரட்டப்பட்டதைப் பற்றிப் பேசிய காணொளி பரவியது. அமைச்சர் வந்து அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி நாளில் முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய் வீட்டுமனைப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். பின்னர் நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் நிறைவேறி நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தார்கள்.

அந்த மாற்றங்களை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சாலைகளில் அதுவரை எத்தனையோ கோடிகள் கொட்டப்பட்டிருந்தன. உலகத் தலைவர்கள் வந்துபோயிருந்தார்கள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது ஊரே அலங்கரிக்கப்பட்டது. சாலையோரக் கடைகள் அகற்றப்பட்டன. பாசிமணியும் ஊசியும் விற்றுப் பிழைக்கும் மக்கள் சுற்றுலாப் பொருளாதாரத்தின் நடுவிலேயே இருந்தார்கள், ஆனாலும் அவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா கிடைக்க ஒரு காணொளி பரவ வேண்டியிருந்தது. சாலைக்குப் பக்கத்தில் இருப்பதும் சாலையின் பயனில் பங்குபெறுவதும் ஒன்றல்ல.

அதே சாலையில் வேறொரு பாடமும் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978இல் தொடங்கியது. பாம்புத் தோலுக்கான வேட்டை சட்டப்படி தடைசெய்யப்பட்டு வாழ்வாதாரம் போன பின், பாம்பு பிடிக்கும் அறிவையே முதலாக்கி, நஞ்சு எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு விற்கும் சங்கம் அது. நஞ்சு எடுப்பதைப் பார்க்க வரும் பயணிகளின் கட்டணமும் சங்கத்துக்கு ஒரு வருமானம். 2023இல் அந்த மாவட்டத்து இருளர் இருவருக்கு, மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோருக்கு, பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தச் சங்கத்துக்கும் குறைகள், நெருக்கடிகள் உண்டு. இருந்தாலும் சாலை வழியே வரும் பயணி கொடுக்கும் பணம் ஒடுக்கப்பட்ட சமூகத்தின் சொந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர முடியும் என்பதற்கு அது வாழும் சான்று. அவர்களிடம் இருந்தவை மூன்று: ஓர் இடம், ஒரு சங்கம், தாங்களே விலை சொல்லக்கூடிய ஒரு தொழில். சுற்றுலா விடுதியில் துப்புரவு வேலைக்குப் போகும்போது இந்த மூன்றும் கிடைப்பதில்லை.

என்ன கேட்கிறோம்?

முதலாவது, நிலம். ஒரு சாலைத் திட்டத்துக்கு நிர்வாக ஒப்புதல் தருவதற்கு முன், அந்தச் சாலையால் விலை ஏறக்கூடிய கிராமங்களில் உள்ள பஞ்சமி நிலங்களின் சர்வே எண்களையும், இன்று அவை யார் அனுபவத்தில் உள்ளன என்பதையும் அரசு வெளியிட வேண்டும். மீட்பு நடவடிக்கை முடியும்வரை அந்த எண்களில் பத்திரப் பதிவும் மனைப் பிரிவு அனுமதியும் நிறுத்திவைக்கப்பட வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்றாலும், அதைச் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சமூகநீதி பேசும் அரசு ஓர் அரசாணையிலேயே அதைத் தொடங்கலாம்.

இரண்டாவது, ஏறும் விலையில் பங்கு. பொதுப் பணத்தால் உயர்ந்த நில மதிப்பு முழுவதும் தனியார் பைக்குப் போவது எந்த நியாயம்? பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது உள்கட்டமைப்பு, வசதிகள் கட்டணம் வசூலிக்கும் முறை தமிழ்நாட்டில் ஏற்கனவே உண்டு. சுற்றுலாச் சாலைகளை ஒட்டிய பகுதிகளில் அதன் ஒரு பங்கை, அதே வட்டாரத்துச் சேரிகளுக்கும் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் இணைப்புச் சாலை, வீட்டுமனை, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம்.

மூன்றாவது, வணிகத்துக்கான இடம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் கிடைக்கிறது. தாட்கோ கடன் தருகிறது. கடன் வாங்கிய இளைஞர் கடை போடச் சாலையோரத்தில் இடம் தேடும்போதுதான் சாதி எதிரே நிற்கிறது. இடம் வாடகைக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சாதி கேட்கப்படுகிறது. நெடுஞ்சாலைகளில் அரசு அமைக்கும் வழியோர வசதி மையங்களிலும், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் வளாகங்களிலும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களின் குழுக்களுக்குக் கடைகள் ஒதுக்கப்பட வேண்டும். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். சாலை அகலப்படுத்தும் திட்டம் அந்தக் குழுவின் முன் வைக்கப்பட்ட பிறகே கடைகளில் கைவைக்க வேண்டும்.

நான்காவது, வேலை. தொழில் தகுதி பெற்ற சுற்றுலா நிறுவனங்கள் அரசின் சலுகைகளைக் கேட்கின்றன. சலுகை பெறுகிறவர்கள் தங்கள் ஊழியர்களில் எந்தச் சமூகத்தவர் எந்தப் பணியில் இருக்கிறார்கள் என்பதை, தனிநபர் விவரம் இல்லாமல், ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நேரடி வேலைவாய்ப்பு, மறைமுக வேலைவாய்ப்பு என்று இப்போது சொல்லப்படும் ஒற்றை எண்ணில் பொது மேலாளரும் கழிவறை சுத்தம் செய்பவரும் ஒன்றாகக் கூட்டப்படுகிறார்கள். அந்தக் கூட்டலைப் பிரித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

ஐந்தாவது ஓர் எச்சரிக்கை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024 ஜூனில் நிறைவேற்றியது. நல்ல சட்டம்; நீண்ட காலக் கோரிக்கை. ஆனால் கர்நாடகத்தின் அனுபவத்தை மறக்கக் கூடாது. அங்கே 2013இல் வந்த இதேபோன்ற சட்டத்தின் 7(டி) பிரிவு, எல்லோருக்கும் பொதுவான கட்டுமானச் செலவின் ஒரு பகுதியைத் தலித்துகளுக்குச் செலவழித்ததாக எழுதிக்கொள்ள வழிவிட்டது. சாலையில் தலித்துகளும் நடக்கிறார்கள்தானே என்பது வாதம். பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2023இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. சுற்றுலாச் சாலைக்கான பணத்தைத் துணைத் திட்டக் கணக்கில் எழுதும் குறுக்குவழி இங்கே தலைகாட்டினால் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். சாலையில் நடப்பது ஒவ்வொருவருக்கும் உள்ள குடியுரிமை. அதைத் தலித்துகளின் பங்கிலிருந்து கழிக்க முடியாது.

இந்தக் கோரிக்கைகளுக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். இவ்வளவு நிபந்தனை போட்டால் சாலை தாமதமாகும், முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்பார்கள். சாலைகள் தாமதமாவதற்கு நிலத் தகராறும் வழக்கும் முக்கியக் காரணங்கள் என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். யாருடைய நிலம், யாருடைய பிழைப்பு என்று முதலிலேயே நேர்மையாகக் கணக்கெடுத்தால் வழக்கு குறையும். மாமல்லபுரத்துக் கற்கோயில்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வைக்கலாம். இடம்பெயர முடியாத செல்வத்தின் மேல் நிற்கும் தொழிலுக்கு நிபந்தனை விதிக்கும் வலு அரசுக்கு உண்டு.

நம் தோழர்கள் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் சாலை விரிவாக்கம் அறிவிக்கப்பட்டால், அதன் விரிவான திட்ட அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பயன் கணக்கில் நடந்து போகிறவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அந்தக் கிராமங்களின் பழைய நிலப் பதிவேட்டில் பஞ்சமி என்று குறிக்கப்பட்ட எண்களைப் புதிய வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கிராம சபையில் அதைப் பேச வையுங்கள். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும் இரண்டு மூன்று பேரின் துணையும் போதும். டிரெமென்ஹீர் அறிக்கையிலிருந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்தப் பதிவேடுகள் இன்னும் வட்டாட்சியர் அலுவலகங்களில் இருக்கின்றன. அடுத்த சாலைக்கு அளவுக்கல் நடப்படுவதற்கு முன் அவற்றைத் திறந்தாக வேண்டும்.